இரண்டு அடுப்புகளின் வீடு: கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் சமையலறையைத் திட்டமிடுதல்

வீட்டைப் புதுப்பிக்க முடிவு செய்யும் குடும்பங்களில் சமையலறையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மேடைக் கல்லின் நிறத்திலும் டைல்ஸின் பூவேலையிலும் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுப்பு எந்தச் சுவரில் அமைய வேண்டும், தண்ணீர் எங்கே வந்து எங்கே வெளியேற வேண்டும், புகையும் வெப்பமும் எந்த வழியாகப் போக வேண்டும் என்னும் கேள்விகள் மேஸ்திரியின் கைப்பழக்கத்துக்கு விடப்படுகின்றன. சமையலறை அமைப்பு என்பது இந்தக் கேள்விகளுக்கான விடைதான்: அடுப்பு, தண்ணீர், சேமிப்பு, அரைக்கவும் நறுக்கவும் வேண்டிய இடம், கதவு, சன்னல் ஆகியவை ஒன்றுக்கொன்று எவ்வளவு தொலைவில், எந்த வரிசையில் இருக்கின்றன என்பதே அமைப்பு. கல்லையும் டைல்ஸையும் பத்து ஆண்டுகளில் மாற்றிவிடலாம். தவறான சுவரில் வைத்த அடுப்பும் தவறான பக்கம் சாய்த்த கழிவுநீர்க் குழாயும் அந்த வீட்டில் சமைப்பவரின் உடலோடு முப்பது ஆண்டுகள் கூடவே வரும்.

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரத்துச் சமவெளி ஊர்களிலும் அவற்றின் மேற்கே எழும் கல்வராயன் மலையிலும் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. இங்குள்ள ஏராளமான வீடுகளில் எரிவாயு அடுப்பு ஒன்று உள்ளேயும் விறகு அடுப்பு ஒன்று பின்புறத்திலும் ஒரே நாளில் எரிகின்றன. காப்பியும் குழம்பும் தாளிப்பும் உள்ளே நடக்க, குளிக்கும் வெந்நீர், மாட்டுக்கான கூழ், உறவினர் வரும் நாளின் பெரிய பானைச் சோறு, அவிக்க வேண்டிய மரவள்ளிக் கிழங்கு ஆகியவை பின்புறத்துக்குப் போகின்றன. மக்காச்சோளக் கட்டையும் மரவள்ளிக் குச்சியும் கரும்புச் சோகையும் சீமைக் கருவேல விறகும் காசில்லாமல் கிடைக்கும் வேளாண் வட்டாரத்தில், உருளையின் விலையைக் கணக்குப் பார்க்கும் குடும்பம் விறகை முழுவதுமாகக் கைவிடுவதை எதிர்பார்க்க முடியாது. எனினும் இன்று புதுப்பிக்கப்படும் வீடுகளின் வரைபடத்தில் இடம்பெறுவது ஒரே அடுப்புதான். இரண்டாவது அடுப்பு, வீடு கட்டி முடிந்த பின் எஞ்சிய செங்கல் மூன்றை எடுத்துச் சன்னலுக்குக் கீழேயோ படிக்கட்டின் அடியிலோ தானாக முளைத்துவிடுகிறது. சமையலறையைத் திட்டமிடும் வேலை இந்த இரண்டாவது அடுப்பிலிருந்து தொடங்குவதே இந்த வட்டாரத்துக்குப் பொருத்தமானது.

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சி மாவட்டம் நெல்லும் கரும்பும் மக்காச்சோளமும் மரவள்ளியும் விளையும் சமவெளியையும், சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலையையும் ஒரே எல்லைக்குள் கொண்டது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதியான கல்வராயன், சின்னக் கல்வராயன் என்றும் பெரிய கல்வராயன் என்றும் வழங்கப்படுவது. ஏறத்தாழ 2,000 அடியிலிருந்து 4,000 அடி வரையிலான உயரங்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் பரவிக் கிடக்கின்றன. அவர்களுடைய பழைய வீடுகள் மூங்கிலும் குச்சியும் பின்னிய படலின்மேல் மண் பூசிய சுவர்களையும் புல் வேய்ந்த கூரையையும் கொண்டவை; அடுப்பு வீட்டுக்குள்ளேயே இருக்க, அதன் மேலே அமைந்த பரணில் விதைத் தானியமும் உலர வேண்டிய பொருள்களும் இருந்தன. அந்த அமைப்பில் புகைக்கு வேலை இருந்தது: கூரைப் புல்லையும் மூங்கிலையும் கரையானும் வண்டும் அண்டாமல் காத்து, மழைக்கால ஈரத்தை உலர்த்தி, விதையைப் பூச்சியிலிருந்து பாதுகாத்து, கடைசியில் புல்லின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறியது.

அதே அடுப்பைக் கான்கிரீட் தளத்தின் கீழே வைத்தால் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. கான்கிரீட்டில் கசிய இடமில்லை. சூடேறி மேலெழும் புகை தளத்தைத் தொட்டுப் பரவி, குளிர்ந்து, அடுப்பின் முன்னே அமர்ந்திருப்பவரின் முகத்தளவுக்கு இறங்கிவிடுகிறது. ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடைவெளி செய்த வேலையையும் கூரை வீட்டில் புல் செய்த வேலையையும் மாடி வீட்டில் சன்னலும் புகைப்போக்கியும் செய்ய வேண்டும் என்பது மேற்கூரையை மாற்றும்போது கவனிக்கப்படுவதே இல்லை. கூரை மாறும்போது அடுப்படியும் மாறியாக வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், மாநிலம் முழுவதும் கூரைகள் விரைவாக மாறிவருவதுதான். 2011–12இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டின் அளவு 300 சதுர அடி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. இவ்வளவு சிறிய வீட்டில் சமையலறைக்குக் கிடைப்பது ஐம்பது, அறுபது சதுர அடிதான் என்பதால், அங்கே ஒவ்வோர் அங்குலமும் பெரிய வீட்டில் இருப்பதைவிடக் கவனமாக முடிவு செய்யப்பட வேண்டியதாகிறது.

அடுப்படியின் இடம் உடல்நலத்தை எவ்வளவு பாதிக்கிறது என்பது வெறும் ஊகம் அன்று. தமிழ்நாட்டின் கிராமங்களிலேயே அது அளக்கப்பட்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவினரும் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமப்புற வீடுகளில் மூச்சோடு நுரையீரலுக்குள் செல்லக்கூடிய நுண்துகள்களை அளந்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், விறகும் வறட்டியும் எரிக்கும் வீடுகளில் சமைக்கும் நேரத்தில் அந்தத் துகள்களின் அளவு காற்றின் ஒரு கன மீட்டருக்கு 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது தெரியவந்தது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த வீடுகளில் சமைப்பவர் ஒரு முழு நாளில் சராசரியாக எதிர்கொண்டது 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் சமையலில் ஈடுபடாதவர்களில் மிகக் குறைந்த பாதிப்புக்கு உள்ளானவர்கள் எதிர்கொண்டது 90 மைக்ரோகிராம் அளவு. இந்த வேறுபாடுகளுக்கு மிக முக்கியமான காரணங்களாக ஆய்வாளர்கள் கண்டவை மூன்று: எரிபொருள், சமையலறையின் வகையும் அது அமைந்திருக்கும் இடமும், சமைக்கும்போது அதன் அருகே செலவிடப்படும் நேரம். அடுப்பின் வகையும் சமையல் நீடிக்கும் கால அளவும்கூட இவற்றுக்குப் பின்னாலேயே வந்தன. வீட்டுக்குள் தடுப்பில்லாத அடுப்படி, தடுப்புச் சுவர் உள்ள அடுப்படி, வீட்டை ஒட்டிய தனிக் கொட்டகை, திறந்தவெளி அடுப்பு என்று அந்த ஆய்வு பிரித்துப் பார்த்த வகைகள் யாவும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இன்றும் ஒரே தெருவில் காணக் கிடைப்பவை.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, கள்ளக்குறிச்சியே ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வின் களமானது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிப் பெண்களைச் சேர்த்து நடத்தப்பட்ட ஹாப்பின் ஆய்வின் இந்தியக் களங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும்; களப்பணியை நடத்தியது ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் பதினெட்டு மாதங்களுக்கு இலவச எரிவாயுவும் வழங்கப்பட்டன. மற்றவர்கள் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். 2022இல் வெளியான முடிவின்படி, நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், எரிவாயு பெற்ற பெண்கள் ஒரு நாளில் எதிர்கொண்ட நுண்துகளின் இடைநிலை அளவு கன மீட்டருக்கு 23.9 மைக்ரோகிராம், விறகில் சமைத்தவர்களுக்கு அது 70.7. ஆனால் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை: எரிவாயுப் பிரிவில் சராசரி 2,921 கிராம், விறகுப் பிரிவில் 2,898 கிராம். எரிவாயு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எளிய நம்பிக்கையை இந்த முடிவு திருத்துகிறது. ஆனாலும் எரிவாயு இலவசமாகவும் தடையில்லாமலும் வீடு தேடி வந்தபோது புகை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது என்பது இதே மண்ணும் சேர்ந்து தந்த செய்தி. உருளைக்குப் பணம் கொடுத்து வாங்கும் வீட்டில் விறகு அடுப்பு திரும்பி வரும்போது, அது எங்கே வந்து அமர்கிறது என்பதை முடிவு செய்வது வீட்டின் வரைபடம்.

ஆகவே முதல் முடிவு, விறகு அடுப்புக்கு வீட்டின் சுவரை விட்டு விலகிய தனி இடம். பின்கட்டில் மூன்று பக்கம் திறந்த, தகரமோ ஓடோ வேய்ந்த சிறு கொட்டகை போதும். அதன் கூரை வீட்டுச் சன்னலின் மேல்விளிம்புக்குக் கீழே தாழ்ந்திருந்தால் புகை நேராகச் சன்னலுக்குள் புகும் என்பதால், அடுப்பின் மேலே எந்தச் சன்னலும் இல்லாத சுவர்ப்பக்கத்தைத் தேர்வது நல்லது. இடமின்மையால் வீட்டை ஒட்டியே வைக்க நேர்ந்தால், புகைப்போக்கி வளைவுகள் இல்லாமல் நேராக எழுந்து கூரையின் மேல் இரண்டு மூன்று அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். வளைவு கூடக்கூடக் கரி படிந்து இழுவை குறையும். புகையில்லா அடுப்பு என்னும் எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிதன்று. ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஸ். பி. ராஜு தம் புகைப்போக்கி அடுப்பைப் பற்றி எழுதிய நூல் 1953இல் சென்னையில் வெளிவந்தது. 1983இல் ஒன்றிய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. புகைப்போக்கியைத் துப்புரவு செய்யக் கை எட்டும் வாய் ஒன்று விடாமல் கட்டப்படும் அடுப்பு, கரி அடைத்துக்கொண்ட பின் பயனற்றுப் போகும் என்பதைப் புதிதாகக் கட்டுவோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அடுத்தது திசை. அக்னி மூலை எனப்படும் தென்கிழக்கில் சமையலறையை வைப்பதும், அது இயலாவிட்டால் வாயு மூலையான வடமேற்கில் வைப்பதும் மனையடி சாத்திரம் பார்க்கும் குடும்பங்களின் வழக்கம். இந்த வழக்கத்தை வட்டாரத்தின் காற்றோடு சேர்த்துப் பார்த்தால் அதில் நல்ல பொருள் இருக்கிறது. சமவெளியில் ஆனி முதல் புரட்டாசி வரை காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி வீசுகிறது. ஐப்பசிக்குப் பின் வடகிழக்கிலிருந்து தென்மேற்கு நோக்கித் திரும்புகிறது. தென்கிழக்கு மூலையில் எழும் புகையை முதல் காற்று கிழக்குச் சுவர் வழியாகவும் இரண்டாவது காற்று தெற்குச் சுவர் வழியாகவும் வீட்டுக்கு வெளியே தள்ளும். வடமேற்கு மூலையிலும் அவ்வாறே வடக்கும் மேற்கும் வெளியேறும் வழிகளாகின்றன. தென்மேற்கு மூலையிலோ வடகிழக்கு மூலையிலோ அடுப்பு இருந்தால், ஆண்டில் ஒரு பருவமாவது புகையும் தாளிப்பு நெடியும் வீடு முழுவதையும் கடந்துதான் வெளியேற வேண்டும். மேலும் தென்கிழக்குக்குக் காலை ஒளி கிடைக்கிறது. பிற்பகல் மேற்கு வெயில் படுவதில்லை. சித்திரை, வைகாசியில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில் மேற்குச் சுவரை ஒட்டிய சமையலறையில் மாலைச் சமையல் செய்வது பெருந்துன்பம். ஆனால் இந்தக் கணக்கு சன்னல்கள் அந்தந்தச் சுவர்களில் உண்மையாகவே திறந்தால்தான் செல்லும். அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டி இடைவெளியில்லாமல் கட்டப்பட்ட நகர மனையில் மூலை சரியாக அமைந்தும் காற்று நுழையாது. அங்கே மூலையைவிடச் சன்னலுக்கே முதலிடம் தர வேண்டும்.

மலையில் கணக்கு வேறு. கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையைச் சுற்றிய ஊர்களில் காற்றின் திசையைப் பருவம் மட்டுமன்றிச் சரிவும் முடிவு செய்கிறது: பகலில் வெயிலில் சூடான காற்று சரிவின்மேல் ஏறுகிறது, பொழுது சாய்ந்த பின் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்குகிறது. மாலைச் சமையல் நடக்கும் வேளை இறங்கு காற்றின் வேளை என்பதால், அடுப்பு வீட்டின் தாழ்வான பக்கத்தில் இருந்தால் புகை பள்ளத்தை நோக்கிப் போய்விடும். மேட்டுப் பக்கத்தில் இருந்தால் இரவெல்லாம் படுக்கும் அறைக்குள் தங்கும். மலை வீட்டுக்குச் சமவெளி வரைபடத்தை அப்படியே கொண்டுபோய்க் கட்டுவதில் நேரும் இழப்புகளில் இது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. கார்த்திகை, மார்கழிக் குளிரில் அடுப்பின் வெப்பமும் அங்கே தேவைப்படுகிறது. ஆகையால் விறகு அடுப்பை முற்றாக வெளியே தள்ளாமல், புகைப்போக்கியோடு கூடிய அடுப்பை வீட்டின் தாழ்ந்த ஓரத்தில் தடுப்புச் சுவருக்கு அப்பால் வைப்பது அந்த மக்களின் வாழ்க்கையோடு இசையும்.

இனி உள்ளே இருக்கும் எரிவாயுச் சமையலறையின் வடிவம். இன்று உலகெங்கும் சமையலறை வடிவமைப்பில் அடிப்படையாகச் சொல்லப்படும் வேலை முக்கோணம் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1940களில் உருவானது: அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, குளிர்ப்பெட்டி ஆகிய மூன்றையும் இணைத்துக் கோடு வரைந்தால் ஒவ்வொரு பக்கமும் நான்கு முதல் ஒன்பது அடிக்குள்ளும், மூன்றின் கூட்டு இருபத்தாறு அடியை மீறாமலும் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதற்கு முன்பே 1926இல் மார்கரெட்டே ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது; ஏறத்தாழ எழுபது சதுர அடி. அளவில் அது கள்ளக்குறிச்சியின் சராசரிச் சமையலறையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று. சமைப்பவரின் நடையைக் குறைக்க வேண்டும் என்ற அக்கறையும் போற்றத்தக்கது. ஆனால் அந்தச் சமையலறை நின்றபடி, தனியாக, ஒரே அடுப்பில் சமைக்கும் பெண்ணை மனத்தில் கொண்டது. இங்கே கீரை ஆய்வதும் வெங்காயம் உரிப்பதும் அரிவாள்மனையில் காய் நறுக்குவதும் மாமியாரும் மருமகளும் மகளும் தரையில் அமர்ந்து செய்யும் வேலைகள். முக்கோணத்தின் மூன்று முனைகளோடு, உட்காரும் தரை, பின்கட்டுக் கதவு என்னும் இரண்டு இடங்களையும் சேர்த்தே தொலைவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி சமையலறையின் பரப்பு 5 சதுர மீட்டருக்கும், அதாவது ஏறத்தாழ 54 சதுர அடிக்கும், அகலம் 1.8 மீட்டர் எனப்படும் ஆறு அடிக்கும் குறையக் கூடாது. தனிச் சேமிப்பறை இருந்தால் பரப்பு 4.5 சதுர மீட்டர் போதும். இந்த ஆறு அடியை வைத்துக்கொண்டு வடிவங்களைப் பார்த்தால் தேர்வு எளிதாகிறது. எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு மேடை போடும் இணைமேடை அமைப்பில் மேடை ஒவ்வொன்றும் இரண்டடி அகலம் என்றால் நடுவே இரண்டடிதான் எஞ்சும். ஒருவர் குனிந்தால் மற்றவர் கடக்க முடியாது, தரையில் அமர்வதற்கோ வழியே இல்லை. இணைமேடைக்கும், மூன்று சுவர்களையும் தழுவும் ப வடிவ மேடைக்கும் குறைந்தது எட்டடி அகலம் வேண்டும். அறையின் நடுவே தனி மேடை போடும் தீவு அமைப்பு பெரிய பங்களாக்களுக்கு உரியது. முந்நூற்று அறுபது சதுர அடி வீட்டில் அதை யோசிக்கவே தேவையில்லை. ஒரே சுவரில் நீளும் மேடை மலிவானது, தரையை முழுவதும் விட்டுவைப்பது. ஆனால் ஒன்பதடிச் சுவரில் தொட்டியும் அடுப்பும் கிரைண்டரும் இடம்பிடித்த பின் பாத்திரத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் போகும்.

மேஸ்திரிகள் எல் ஷேப் என்று சொல்லும் ட வடிவ மேடையே இந்த வட்டாரத்தின் சிறிய, நடுத்தர வீடுகளுக்கு ஏற்றது. ஆறுக்கு ஒன்பதடி அறையில் நீளச் சுவரில் ஒன்பதடி மேடையும் குறுகிய சுவரில் நான்கடி மேடையும் அமைந்தால், நான்கடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள தரை எஞ்சுகிறது. இரண்டு பேர் அமர்ந்து வேலை செய்ய அது போதுமானது. பின்கட்டுக் கதவு மேடை இல்லாத சுவரில், நடமாட்டம் அடுப்பின் முன்னே குறுக்கிடாத வகையில் அமைய வேண்டும். வடித்த கஞ்சிப் பானையையும் கொதிக்கும் வெந்நீரையும் இரண்டு அடுப்புகளுக்கும் இடையே தூக்கிச் செல்லும் வீட்டில், அந்தக் கதவில் வாயிற்படிக் கட்டை உயர்ந்து நிற்கலாகாது. ட வடிவத்தின் குறை அதன் மூலை. கை எட்டாத அந்த இரண்டடிச் சதுரத்தின் மேற்பகுதி மிக்ஸிக்கும், அடிப்பகுதி எப்போதாவது எடுக்கும் அண்டாவுக்கும் பயன்படும்.

மேடையின் உயரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே அளவைப் போடும் பழக்கம் மாற வேண்டியது. நறுக்கும், பிசையும் இடம் சமைப்பவரின் முழங்கைக்கு நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. ஆனால் அடுப்பே நான்கைந்து அங்குல உயரம் கொண்டது, அதன்மேல் ஏறும் குக்கரும் குண்டானும் இன்னும் உயர்த்திவிடும் என்பதால், அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் தாழ்த்திக் கட்டுவது நல்லது. கடப்பைக் கல்லோ கிரானைட்டோ பதிக்கும் முன் இந்தத் தாழ்வைச் செங்கல் கட்டிலேயே விட்டுவிட்டால் கூடுதல் செலவு மிகச் சிறிது. வீட்டில் சமைப்பவர் யாரோ அவரை நிறுத்தி அளந்த பிறகே மேடைச் சுவரை உயர்த்த வேண்டும் என்பது வெளிப்படையான செய்தி. பெரும்பாலான வீடுகளில் அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டுத்தான் மேடை கட்டப்படுகிறது.

எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் அது மேலே போகாமல் தரையோடு படிந்து, தாழ்ந்த மூலையில் தேங்கும். ஆகவே உயரத்தில் உள்ள சன்னல் மட்டும் போதாது, வெளிச்சுவரில் தரையை ஒட்டிய சிறு துவாரமோ, கீழே இடைவெளி விட்ட கதவோ வேண்டும். மேடைக்கு அடியில் கதவு போட்டு மூடிய பெட்டிக்குள் 14.2 கிலோ உருளையை அடைத்து வைக்கும் புதிய பாணி, இந்தக் காரணத்தால் அழகு கருதி ஆபத்தை ஏற்பது. உருளை எப்போதும் நிமிர்ந்தும், அடுப்பு அதைவிட உயரத்திலும், இரண்டையும் இணைக்கும் ரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சன்னலுக்கு நேர் கீழே அடுப்பை வைத்தால் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் சுடர் அணைந்து எரியாத வாயு வெளியேறும் என்பதால், சன்னல் அடுப்பின் பக்கவாட்டில் இருப்பதே சரி. விதித்தொகுப்பு கேட்கும் சன்னலின் அளவு ஒரு சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றரை அடி. அது திறந்தவெளியை நோக்கித் திறக்க வேண்டும், கூடத்தையோ நடையையோ நோக்கி அன்று. சூடான காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறி தளத்தை ஒட்டி அடுப்புக்கு அருகிலும், புதுக்காற்று நுழையும் வழி அதற்கு எதிர்ப்பக்கத்தில் தாழ்வாகவும் அமைந்தால்தான் காற்று அறையைக் கடந்து போகும். இரண்டும் அருகருகே இருந்தால் புதுக்காற்று மட்டும் வந்து உடனே வெளியேறும், புகை நின்ற இடத்திலேயே நிற்கும். கூடத்தோடு சுவரில்லாமல் சேர்ந்த திறந்த சமையலறை மிளகாய் வறுக்கும், மீன் பொரிக்கும் வீட்டுக்குப் பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். வெளிச்சமும் பேச்சும் வேண்டுமானால் பாதிச் சுவரின்மேல் கண்ணாடி பதிக்கலாம்.

மின்சாரத்தை மேடை கட்டிய பிறகு யோசிப்பது இன்னொரு பழக்கம். 2006இல் அமைந்த ஆட்சியில் இலவச எரிவாயு அடுப்பும், 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவையும் தமிழக வீடுகளுக்குள் வந்தன. ஆனால் அந்த வீடுகளின் சுவர்களில் பெரும்பாலும் இருந்தது ஒரே பிளக் பாயிண்ட். அதிலிருந்து நீளும் ஒயர் அடுப்பைத் தாண்டித் தொட்டியின் ஓரமாகச் செல்வதை இன்றும் பல வீடுகளில் காணலாம். கிரைண்டர் தூக்கி வைக்க முடியாத கனம் உடையது. அதற்கென ஒரு நிலையான இடமும், தலைக்கு மேலே அலமாரி இடிக்காத உயரமும், தொட்டியிலிருந்து தெறிக்கும் தண்ணீர் எட்டாத தொலைவில் நிலத்தொடர்போடு கூடிய பிளக்கும் வேண்டும். குளிர்ப்பெட்டிக்கும் மிக்ஸிக்கும் தனித்தனிப் பாயிண்ட்கள், மேடையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்.

தண்ணீரைப் பொறுத்தவரை, தொட்டியை வெளிச்சுவரில் வைப்பதே முதன்மையான விதி, ஏனெனில் கழிவுநீர்க் குழாய் தளத்துக்கு அடியில் அறையைக் கடந்தால் அடைப்பு ஏற்படும் நாளில் தரையையே உடைக்க நேரும். அடுப்புக்கும் தொட்டிக்கும் இடையே இரண்டரை அடி மேடையாவது இருந்தால் இறக்கி வைக்கும் இடமும் அதுவே, தெறிப்பைத் தடுக்கும் இடைவெளியும் அதுவே. மாடு வளர்க்கும் வீட்டில் அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் குழாயில் போவதில்லை, கழனிப் பானைக்குப் போகின்றன. அந்தப் பானைக்குப் பின்கட்டுக் கதவருகே ஓர் இடம் விட்டால் நாளும் நான்கு முறை நடக்கும் நடை குறையும். பெரிய பாத்திரங்களை அமர்ந்து துலக்கப் பின்கட்டில் ஓரடி உயரக் கரை கட்டிய துவைகல் மேடை ஒன்று இருந்தால், உள்ளே உள்ள தொட்டி சிறியதாக இருந்தாலே போதும். எஞ்சும் நீர் வாழைக்கோ சேம்புக்கோ பாயலாம்.

சேமிப்பில் மலை வீட்டுக்குத் தனிக் கவனம் வேண்டும். புகை போய்விட்ட பின், பரணில் வைத்த சாமையும் கேழ்வரகும் பழையபடி பூச்சியிலிருந்து காக்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. இறுக மூடும் தகர டிரம்களை அடுப்பின் வெப்பமும் தொட்டியின் ஈரமும் எட்டாத, காற்று நுழையும் மூலையில் தரையிலிருந்து உயர்த்தி வைக்க இடம் விட வேண்டும். பனியும் மழையும் மிகுந்த அந்த உயரத்தில் பிளைவுட் கதவுகள் ஈரத்தில் ஊதிப்போவதால், கடப்பைக் கல் பலகைகளோடு கூடிய திறந்த அலமாரிகளே நிலைக்கும்.

வேலையைத் தொடங்கத் தை முதல் வைகாசி வரையிலான மாதங்கள் ஏற்றவை. பூச்சு உலரும், மழைக்கு முன் கூரை மூடப்படும், உள்ளே இடிக்கும்போது சமையலை வெளியே மாற்றவும் முடியும். அந்த மாற்றத்துக்கு முதலில் கட்டி முடிக்க வேண்டியது பின்கட்டுக் கொட்டகை; அது எழுந்துவிட்டால் உள்ளே வேலை நடக்கும் இரண்டு மாதமும் குடும்பம் அங்கே சமைக்கலாம், புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பழைய மேடையை இடித்த பிறகு, புதிய மேடை, தொட்டி, அடுப்பு, கிரைண்டர், கதவு ஆகியவற்றைச் சுண்ணாம்பால் தரையில் வரைந்து, சமைக்கும் பெண்கள் வெறும் பாத்திரங்களோடு அதற்குள் ஒரு வேளைச் சமையலை நடந்து பார்க்கட்டும். எங்கே இடிக்கிறது, எங்கே திரும்ப முடியவில்லை, அரிவாள்மனையை எங்கே போடுவது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் வெளிப்படும். சுண்ணாம்புக் கோடுகள் திருத்தப்பட்ட பின்னரே குழாய் வேலை செய்பவரும், அவருக்குப் பின் மின்பணியாளரும், கடைசியில் கல் பதிப்பவரும் வர வேண்டும்.